ஆறு மணிப் பூசையில் என் பெயர்

"ஆன்ம இளைப்பாற்றிக்காக" என்று மைக்கில் வாசித்துவிட்டு அடுத்த வரிக்குக் கண்ணை இறக்கினேன். அடுத்த வரியில் நான் இருந்தேன்.

மழை விட்டும் விடாத ஒரு செவ்வாய்க்கிழமை விடியல். சாந்தோம் பக்கம், கடலை ஒட்டிய எங்கள் கோவிலில் ஆறு மணிப் பூசைக்கு முப்பது பேர் வந்தால் அதிகம். பக்கவாட்டுக் கதவு வழியாகக் கடல் மூட்டம் உள்ளே வந்து, உட்கார இடம் தேடுகிறவர் மாதிரி பெஞ்சுகளுக்கு நடுவே நின்றிருந்தது. அணைத்த மெழுகுவர்த்தி, ஈரத் தலைமுடி, பட்டினப்பாக்கத்துக் கருவாடு எல்லாம் கலந்த வாசனை.

எங்கள் வழக்கம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பூசை தொடங்குவதற்கு முன்னால், அன்றைக்கு யார் யாருக்காக அது ஒப்புக்கொடுக்கப்படுகிறது என்று ஒரு பட்டியல் வாசிப்போம். முதலில் பிறந்தநாள்காரர்கள், நன்றி சொல்கிறவர்கள். பிறகு, ஆன்ம இளைப்பாற்றி வேண்டி, இறந்துபோனவர்கள். கோவில் அலுவலகத்தில் ஒரு தாளில் எழுதிக் கொடுப்பார்கள். காலைப் பூசைக்கு வாசிப்பவன் நான். முன்கூட்டிப் பார்க்கவே மாட்டேன். பார்க்காமல் படித்தாலும் தடுக்காது என்ற திமிர்.

அன்றைக்குத் தடுக்கியது.

"சூசை, தெரேசம்மாள் தம்பதியரின் மகன் மரிய அருளப்பன்."

சூசை என் அப்பா. தெரேசம்மாள் என் அம்மா. மரிய அருளப்பன் நான். ஊருக்கு நான் 'அப்பு சார்'. முழுப் பெயர் என் ஆதார் அட்டைக்கும் என் மனைவிக்கும் மட்டுமே தெரியும். மனைவி அதைப் பயன்படுத்தினால் வீட்டில் பெரிய சண்டை என்று அர்த்தம்.

எங்கள் கோவிலில் பின்வரிசைத் தூணில் இருக்கும் ஸ்பீக்கர் ஒரு நொடி தாமதமாகப் பேசும். நான் என் பெயரைச் சொன்னேன். ஒரு நொடி கழித்து, கடைசித் தூணுக்குப் பின்னால் இருந்து, என் குரலிலேயே யாரோ அதைத் திருப்பிச் சொன்னார்கள்.

முப்பது தலைகளும் குனிந்தன. ஒருவர்கூட என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. யாரோ ஒரு மரிய அருளப்பனுக்காக எல்லோரும் மிகுந்த மரியாதையோடு மன்றாடிக்கொண்டிருந்தார்கள். என் சாவுக்கு வந்திருந்த கூட்டத்தை மேடையில் நின்று எண்ணிப் பார்க்கும் பாக்கியம் எனக்குத்தான் கிடைத்தது. கூட்டம் கொஞ்சம் குறைவுதான்.

பல முறை செத்தவன்

சாவு எனக்குப் புதிதல்ல. கோடம்பாக்கத்தில் டப்பிங் குரல் கொடுத்துத்தான் பிழைத்தேன். கதாநாயகனுக்கா என்று கேட்காதீர்கள். கதாநாயகன் சுட்டுத் தள்ளுகிற அடியாட்களுக்கு. மாடியிலிருந்து விழுகிறவன், கத்தியால் குத்துப்படுகிறவன், கிணற்றுக்குள்ளிருந்து சிரிக்கிற பேய் எல்லாமே நான்தான்.

ஒரு முறை சவுண்ட் என்ஜினீயர் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து, "சார், நல்லா இருக்கு. ஆனா இன்னும் கொஞ்சம் சாகுங்க" என்றார். இன்னும் கொஞ்சம் செத்தேன். டீ குடித்துவிட்டு வந்து மறுபடி செத்தேன். சாகிற குரல் எங்கிருந்து வரும் என்று எனக்குத் தெரியும். தொண்டையில் இருந்து வந்தால் அது பொய். அடிவயிற்றில் இருந்து வரவேண்டும்.

அன்றைக்கு அடிவயிற்றில் இருந்து எதுவுமே வரவில்லை. காரணம் உண்டு.

மூன்று வாரங்களாக நான் ஒரு மருத்துவ அறிக்கையை ஸ்கூட்டர் இருக்கைக்கு அடியில் மறைத்து வைத்திருந்தேன். இதயத்தில் ஒரு வால்வு பிறவியிலேயே கோணல். "இவ்வளவு நாள் ஓடினதே ஆச்சரியம் சார். இனிமே தள்ளிப் போடாதீங்க" என்றார் தேனாம்பேட்டை டாக்டர். இரண்டு முறை தேதி கொடுத்தார்; இரண்டு முறையும் தள்ளிப் போட்டேன். மூன்றாவது தேதி அந்த வாரம் வியாழக்கிழமை. மனைவி பிலோமியிடம், வெளியூரில் டப்பிங் வேலை, ஒரு வாரம் ஆகும் என்று சொல்லியிருந்தேன். நெஞ்சைப் பிளந்து மூடி ஒரு வாரத்தில் வீட்டுக்கு வந்து, களைப்பாக இருக்கிறது என்று சமாளித்துவிடலாம் என்பது என் திட்டம். அறிவாளிகள் இப்படித்தான் யோசிப்பார்கள்.

அந்த வாரத்தில், அந்த மேடையில், இறந்தவர் பட்டியலில் என் பெயர்.

ஒளிய இடமில்லாத பாட்டு

இதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அன்றைய பதிலுரைப் பாடலையும் நான்தான் வாசிக்க வேண்டும். எங்கே ஓடினாலும் எங்கே ஒளிந்தாலும் கடவுளுக்குத் தெரியும், கடலின் அந்தக் கரைக்குப் போனாலும் இருட்டுக்குள் புகுந்துகொண்டாலும் தெரியும் என்று சொல்லுகிற அந்தப் பாட்டு. ஸ்கூட்டர் இருக்கை பற்றி அதில் ஒன்றும் இல்லை. ஆனாலும் எனக்குப் புரிந்தது.

உண்மையைச் சொல்கிறேன், அந்தப் பாட்டு எனக்கு ஒருநாளும் ஆறுதலாக இருந்ததில்லை. சின்ன வயதில் எங்கள் வீட்டுச் சுவரில் இயேசுவின் திரு இருதயப் படம் ஒன்று இருந்தது. எந்த மூலையில் நின்றாலும் அதன் கண்கள் என்னைப் பார்க்கும். சர்க்கரை டப்பாவைத் திறக்கும்போது நாற்காலியில் ஏறிப் படத்தின் மேல் ஒரு துண்டைப் போட்டுவிட்டுத்தான் திறப்பேன். கடவுளுக்கு எல்லாம் தெரியும் என்பதைக் கடற்கரை ரோந்துப் போலீஸ் வருகிறது என்கிற தொனியில்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்.

பூசை முடிந்து வெளியே வந்தேன். மூட்டம் விலகவில்லை. மீன்கூடைக்காரி ரோசம்மா வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"இன்னா சார், லிஸ்ட்டு படிக்கசொல்ல நடுவுல மைக்கு பூட்ச்சா?"

"மைக் நல்லாத்தான் இருக்கு ரோசம்மா. நான்தான் போயிட்டேன்."

"நீ எங்க போவப்போற? சோத்துக்கு கரீட்டா வூட்டுக்கு வந்து நிக்கிற ஆளு!" என்று சிரித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. "வெள்ளையா கீது சார் உன் மூஞ்சி. போய் குந்து."

நான் உட்காரவில்லை. வாதாமரத்தடியில் நின்றபடியே தேனாம்பேட்டைக்குப் போன் போட்டேன். வியாழக்கிழமை வர முடியாது, ரத்து செய்துவிடுங்கள் என்றேன். மறுமுனையில் இருந்த பெண், "சரிங்க சார்" என்று ரொம்பச் சுலபமாகச் சொல்லிவிட்டு வைத்தாள். அவள் ஒரு முறையாவது கெஞ்சியிருக்கலாம்.

பதிவேடு

கோவில் அலுவலகத்தில் லாரன்ஸ் அப்போதுதான் விளக்கைப் போட்டிருந்தான்.

"லாரன்ஸ், இந்த மரிய அருளப்பனுக்குப் பூசை கொடுத்தது யாரு?"

"தெரியல சார். ஒரு அம்மா போன்ல சொன்னாங்க. யார் கொடுத்ததா எழுதட்டும்னு கேட்டேன். 'கேக்குறவருக்குத் தெரியும்'னு சொல்லி வச்சிட்டாங்க."

பட்டியல் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

"வருஷா வருஷம் கொடுப்பாங்க சார்" என்றான், ஏதோ நல்ல செய்தி மாதிரி. "எப்பவும் சாயங்காலப் பூசைக்குத்தான் கேப்பாங்க. இன்னிக்குச் சாயங்காலம் ஃபாதர் ஊர்ல இல்ல. அதான் காலையில போட்டுட்டேன். ஏன் சார், தெரிஞ்சவரா?"

"ஓரளவுக்கு."

போன வருடப் பதிவேட்டை எடுத்தான். அதே நாள், அதே வரி. அதற்கு முந்தின வருடம், அதே நாள், அதே வரி. அதற்கும் முந்தினது லாரன்ஸ் வேலைக்கு வருவதற்கு முன்பு. வேறு கையெழுத்து, பழுப்பேறிய தாள், அதே வரி. இந்த வீதிகளில் நான் சுற்றிக்கொண்டும் மிக்சர் தின்றுகொண்டும் இருந்தபோதெல்லாம், வருடத்துக்கு ஒரு முறை, மாலை ஆறரை மணிக்கு, என் ஆன்மா இளைப்பாறிக்கொண்டிருந்திருக்கிறது.

"போன்ல நம்பர் விழுந்திருக்குமே?" என்றேன்.

லாரன்ஸ் தேடி எடுத்துக் காட்டினான். அடையாறு எண். மனப்பாடமாகத் தெரிந்த எண்.

என் சொந்த அக்கா.

இரண்டு முறை கூப்பிடுகிற அம்மா

ஸ்கூட்டரை மெதுவாக ஓட்டினேன். வேகமாகப் போனால் மூச்சு வாங்கும். மூச்சு வாங்கினால் பட்டியல் உண்மையாகிவிடும். திரு.வி.க. பாலத்தில் ஆற்றையும் காணவில்லை, கடலையும் காணவில்லை. இரண்டு பக்கமும் வெள்ளை. எதிரே வந்த பேருந்து, முகம் இல்லாமல் இரண்டு மஞ்சள் கண்களாக மட்டும் வந்து போனது.

ரீத்தா அக்காவுக்கு என்மேல் என்ன கோபம்? அவள் மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் மீசையைப் பற்றி மைக்கில் ஒரு வார்த்தை சொன்னேன், உண்மைதான். அதற்காக வருடா வருடம் என்னைக் கொல்வதா?

பாலத்தின் நடுவில் அம்மாவின் ஞாபகம் வந்தது. சாயங்காலம் விளையாடிக்கொண்டிருக்கும் என்னை அம்மா வாசலில் நின்று கூப்பிடுவார். "அருளப்பா!" நான் ஓடி வந்து அவர் பக்கத்திலேயே நிற்பேன். அதற்குப் பிறகும் தெருவைப் பார்த்து, கொஞ்சம் மெதுவாக, இன்னொரு முறை, "அருளப்பா" என்பார். பிறகுதான் கதவைச் சாத்துவார். "அம்மாவுக்கு எக்கோ" என்று அக்காவிடம் கிண்டல் செய்திருக்கிறேன். அக்கா அதற்கு மட்டும் ஒருபோதும் சிரித்ததில்லை.

அடையாறில்

அக்கா முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நான் செத்துட்டேனா?"

"காலங்காத்தால வந்து கேக்குற கேள்வியாடா இது? காபி குடிக்கிறியா?"

"செத்தவனுக்கு எதுக்குக் காபி?" என்று பட்டியல் தாளை நீட்டினேன்.

கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தாள். "சாயங்காலப் பூசைக்குத்தானே சொன்னேன்" என்றாள். பிடிபட்டவர்கள் முதலில் நேரத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். பிறகு தைலக் குப்பியை மூடினாள். ரொம்ப நேரம் மூடிக்கொண்டே இருந்தாள்.

"இது நீ இல்லடா அப்பு. உனக்கு முன்னாடி ஒருத்தன் இருந்தான்."

ஒன்பது நாள் இருந்தானாம். அப்போது அக்காவுக்கு ஆறு வயது. அம்மா காய்ச்சலில் கிடந்ததால், தூளியை ஆட்டுகிற வேலை அக்காவுக்கு.

"உடம்பெல்லாம் நீலம் பாஞ்சிருந்துச்சு. மூச்சு வாங்கி வாங்கி அழும். ஒன்பது நாளும் அது தூங்கி நான் பார்க்கல. கடைசி நாள் திடீர்னு அழுகை நின்னுச்சு. 'அம்மா, தம்பி தூங்கிட்டான்'னு நான்தான் ஓடிப்போய்ச் சொன்னேன்."

வெளியே ஆட்டோ ஒன்று இருமிக்கொண்டே போனது.

"அடுத்த வருஷம் நீ பொறந்தே. அப்பா அதே பேரை வச்சாரு. நம்ம சனத்துல அப்பிடித்தான், போன புள்ள பேரை அடுத்த புள்ளைக்கு வைப்பாங்க. உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு அம்மா சத்தியம் வாங்கிட்டாங்க. நீ பல்லியைப் பார்த்தாலே கத்துவ."

வீட்டில் கடைசிப் பிள்ளைக்குச் சட்டைதான் பழசாக வரும் என்று நினைத்திருந்தேன். எனக்குப் பெயரே ஒருவன் உடுத்தி அவிழ்த்தது.

"பச்சைப் புள்ளைக்கு என்னக்கா பாவம் இருக்கு?" என்றேன். "நேரா மோட்சத்துக்குப் போயிருக்கும். இளைப்பாற்றி எதுக்கு?"

"ஃபாதரும் அதான் சொன்னாரு. பாவத்துக்கு இல்லடா." முழங்காலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அது தூங்கவே இல்ல. அதனாலதான் இளைப்பாற்றி கேக்குறேன்."

எனக்கு அப்போது ஒரு ஜோக் சொல்ல வேண்டும் போல இருந்தது. வராத ஜோக்குகளில் அதுவும் ஒன்று.

"ரெண்டு பேருக்கும் ஒரே பேரு. அப்பா அம்மா பேரும் ஒண்ணு. நாளைக்கு நானும் போயிட்டா, மேல எந்த அருளப்பன்னு குழம்பிட மாட்டாங்களா?" என்றேன்.

"பேரை வச்சா அவர் ஆளைக் கண்டுபிடிக்கிறாரு? உன்னைக் குறட்டையிலேயே தெரிஞ்சுக்குவாரு. அவனை, அந்த ஒன்பது நாள் அழுகையில." எழுந்து காபி போடப் போனவள், சமையலறை வாசலில் நின்று திரும்பினாள். "வியாழக்கிழமை ஆபரேஷனுக்கு எத்தனை மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க? பிலோமி நேரம் மட்டும் சொல்லல."

உப்பு

பாலத்தில் திரும்பி வரும்போதும் மூட்டம் அப்படியேதான் இருந்தது. நான்தான் அதைப் பார்த்து இப்போது அவ்வளவாகப் பயப்படவில்லை.

யோசித்துப் பாருங்கள். ஒரு குழந்தை. புகைப்படம் இல்லை, ரேஷன் அட்டையில் பெயர் இல்லை, அக்கா சொன்னபடி கல்லறையும் இப்போது இல்லை. அந்த இடத்தில் வேறு யாரையோ அடக்கம் செய்துவிட்டார்கள். அதன் பெயரைக்கூட எடுத்து எனக்குக் கொடுத்துவிட்டார்கள். பூமியில் அதைத் தெரிந்த கடைசி ஆள் முழங்கால் வலிக்கார அக்கா ஒருத்திதான். அவளுக்குப் பிறகு?

அவளுக்குப் பிறகும் ஒருவருக்குத் தெரியும். அழுத ஒவ்வொரு மூச்சும் தெரியும். இதைத்தான் அந்தப் பாட்டு இத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. நான்தான் துண்டைப் போட்டு மூடியிருந்தேன். தாயின் வயிற்றில் உருவாகும்போதே நம்மைத் தெரியும் என்றால், என் கோணல் வால்வும் அவருக்குப் புதுச் செய்தி அல்ல. ஒன்பது நாள் பிள்ளையைத் தொலைக்காதவர், சத்தம் போட்டுக்கொண்டே திரிகிற என்னையா தொலைக்கப் போகிறார்? பிழைத்தாலும் அப்படித்தான். பிழைக்காவிட்டாலும் அப்படித்தான். இரண்டாவதைச் சொல்லும்போது ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்தினேன். அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

வீட்டுக்கு வந்து, ஸ்கூட்டர் இருக்கையைத் திறந்து, அறிக்கையை எடுத்துப் பிலோமியின் முன்னால் வைத்தேன். அவள் முருங்கைக்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"சீட்டுக்கு அடியில இதைப் பார்த்த நாள்ல இருந்து, மூணு வாரமா உப்பைப் பாதியாக் கொறச்சுப் போடுறேன். கண்டுபிடிச்சீங்களா? கடலோரத்துல பொறந்த நாக்காம்!"

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"நீங்களா வந்து சொல்லட்டும்னுதான்." இப்போதுதான் கத்தி நின்றது. "தினமும் நீங்க தூங்கினதும் நெஞ்சுல கைய வச்சுப் பார்த்துட்டுத்தான் நான் படுக்கிறேன்."

தேனாம்பேட்டைக்கு மறுபடி போன் போட்டேன். ரத்து செய்ததை ரத்து செய்ய வேண்டும் என்றேன். "ரத்தே பண்ணல சார்" என்றாள் அதே பெண். "நீங்க கேன்சல்னு சொன்னா காதுல வாங்காதீங்கன்னு உங்க வீட்டம்மா போன வாரமே சொல்லிட்டாங்க."

ஆறாம் கட்டில்

புதன்கிழமை மாலை அனுமதித்தார்கள். பச்சை அங்கி, பின்னால் நாடா. ஒரு பக்கம் பிலோமி, இன்னொரு பக்கம் ஆட்டோவில் வந்திறங்கிய அக்கா. சின்ன வயது நர்ஸ் ஒருத்தி படிவத்தோடு வந்தாள். வயது, சர்க்கரை, பழைய ஆபரேஷன் எல்லாம் கேட்டாள்.

"கூடப் பொறந்தவங்க?"

இந்தக் கேள்விக்கு என் வாழ்நாள் முழுவதும் ஒரே பதில்தான் எழுதியிருக்கிறேன்.

"ஒரு அக்கா. ஒரு அண்ணன்."

அக்கா என் கையைப் பிடித்தாள். அவள் விரல்களில் தைலத்தின் சூடு.

"அவங்க யாருக்காவது ஹார்ட்டுல பிரச்சினை இருந்துச்சா?"

"அண்ணனுக்கு இருந்திருக்கணும். உடம்பு நீலமா இருக்குமாம்."

நர்ஸ் அதைக் கவனமாக எழுதிக்கொண்டாள். "டாக்டர்கிட்ட சொல்றேன் சார், இது முக்கியம். அண்ணன் பேரு?"

"மரிய அருளப்பன்."

"சார், அது உங்க பேரு."

"ஆமாம்மா. முதல்ல அவனுக்குத்தான் வச்சாங்க."

அவள் படிவத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அண்ணன் இருக்காரா சார்?"

பிலோமி என்னைப் பார்த்தாள். அக்கா பார்க்கவில்லை, என் கையை மட்டும் இறுக்கினாள். சாகிற குரல் அடிவயிற்றில் இருந்து வரும் என்று சொன்னேன் அல்லவா? வேறு சில வார்த்தைகளும் அங்கிருந்துதான் வருகின்றன.

"இருக்கான்" என்றேன்.

அவள் பேனாவை மூடிவிட்டு, வார்டின் அந்தக் கோடியில் இருந்த சீனியர் நர்ஸுக்குக் குரல் கொடுத்தாள்.

"அக்கா! ஆறாம் பெட்டுக்கு மயக்க ஊசி யாராவது இப்பவே போட்டுட்டீங்களா?"